கைலித்துணிப் பையில் ஒரு குலை

எங்கள் தோட்டவீட்டுக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிப்பது ஒரு புளித்த வாடை. பாலசமுத்திரத்துக்கு மேலே, மலையேறும் பாதையோரம் அந்தக் கல்வீட்டைக் கட்டித் திராட்சைப் பந்தல் போட்ட வெள்ளைக்காரர், பழரசம் புளிக்கவைத்த மரப்பீப்பாய்களை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறிப் போக, பழனி பஜாரில் பழக்கடை வைத்திருந்த என் அத்தா வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து வாங்கினார். அம்மா அந்தப் பீப்பாய்களை ஏழு தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, அத்தாவின் குதிரைக்கான கொள்ளை அவற்றில் கொட்டிவைத்தார். வாடை போகவில்லை. குதிரை மட்டும் அந்தக் கொள்ளை ஏன் அவ்வளவு ஆசையாகத் தின்றது என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, விஷக்காய்ச்சலில் கிடந்து தேறிய காசிம், காற்று மாறட்டும் என்று கன்னிவாடியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தான். அத்தாவின் தங்கை மகன், எனக்கு ஒரு வயது மூத்த மச்சான். முட்டை அவனுக்கு, வெந்நீர் அவனுக்கு, அடுப்போரத்து இடம் அவனுக்கு. அந்தக் காய்ச்சல் எனக்கு வராமல் போனதே என்று நான் மனதார வருந்திய நாட்கள் அவை.

குலையில் காய்கள் பட்டாணி அளவுக்குத் திரண்டதும், குருவியும் வௌவாலும் தொடாமலிருக்க அம்மா பழைய துணியில் பைகள் தைப்பார். ஆளுக்கொரு குலை எங்களுக்கும் உண்டு. யார் குலை என்பதற்குப் பைத்துணிதான் அடையாளம். என் பை அத்தாவின் கட்டம்போட்ட கைலி, காசிமுடையது அவன் அம்மாவின் பச்சைப் புடவை. பழுத்த திராட்சையின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதை நாங்கள் "மாவு" என்போம். கைபட்டு மாவு கலைந்த பழத்தைக் கோடைக்கானல் பங்களாக்காரர்கள் தொடமாட்டார்கள் என்பதால், கட்டிய பையை அறுப்பு நாளில்தான் அவிழ்க்கவேண்டும் என்பது அத்தாவின் சட்டம். யார் குலை தேறுகிறதோ அவனைக் குதிரையில் தன் முன்னால் உட்காரவைத்துக் கோடைக்குக் கூட்டிப்போவதாக அந்த வருஷம் சொன்னார். நான் கோடையைப் பார்த்ததில்லை, அத்தாவோடு குதிரையேறியதுமில்லை.

விருந்தாளி என்று குலையை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அம்மா காசிமுக்கே கொடுத்தார். அவன் கை வைத்தது பூதம் மாதிரி ஒரு குலை; சாண் தள்ளி அதே கொடியில் தொங்கிய நோஞ்சான் எனக்கு. தினமும் விடியுமுன் வெள்ளனே எழுந்து, பச்சைப் பையை அவிழ்த்து, இன்றைக்கு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்து வயிறெரிந்து, மறுபடியும் கட்டிவிட்டு வருவேன். என்னுடையதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அறுப்புக்கு முந்தின நாள் காலையில் பொறுக்கமுடியாமல் பைகளை மாற்றிக் கட்டிவிட்டேன்.

மறுநாள் அத்தா முதலில் கைலிப் பையை அவிழ்த்தார். பூதம் வெளியே வந்தது. எண்ணெய் தடவிய மொட்டைத் தலைபோலப் பழமெல்லாம் பளபளவென்று மின்னியது. ஒன்றில்கூட மாவு இல்லை. அடுத்துப் பச்சைப் பை. சின்னக் குலைதான், ஆனால் ஒரு விரல்கூடப் படாமல், அப்போதுதான் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

அத்தா என்னைப் பார்த்தார். "எத்தன தடவடா அவுத்துப் பாத்தே?"

அந்தச் சின்னதுதான் என் குலை அத்தா என்று சொன்னால் பையை மாற்றியது வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் குதிரை போய்விடும். நான் நின்றுகொண்டே இருந்தேன். குதிரை போய்விட்டது. என் குலையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தாவின் முன்னால் உட்கார்ந்து, காசிம் கையை வேறு ஆட்டினான். பூதத்தை நான் ஒருவனே தின்றேன், இனிக்கவில்லை. திரும்பி வந்தவன் ஏரி, படகு, துரைசானியின் தொப்பி என்று ஒரு மாசம் அளந்தான்.

இப்போது தோட்டம் அவன் கையில். என் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்தபோது அத்தா அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். எனக்குப் பஜார்க் கடை. நோய் விழுந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு அவன் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறான்; பந்தலின் கல்கால்கள் மட்டும் நிற்கின்றன. அத்தா தவறி ஒரு வருஷமாகிறது. போன வாரம் அங்கே போயிருந்தபோது, பையை மாற்றியதை அவனிடம் ஒருவழியாகச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ள. நான் எடுத்த கொல எதுன்னு எனக்குத் தெரியாதா? சொல்லிருந்தா குதிரையில ஏறிருப்பனா?" என்று சிரித்தான்.

கோடையில் அப்படி என்னதான் பார்த்தாய் என்று கேட்டேன்.

"என்னத்தப் பாத்தேன், ஒரே பனி. ஏரியுமில்ல, தொப்பியுமில்ல, எல்லாம் சும்மா அளந்தது. குளுருதுன்னு மாமா என்னையக் கம்பளிக்குள்ள இழுத்துக்கிட்டாரு. போகும்போதும் வரும்போதும் அவரு நெஞ்சுல சாஞ்சு ஒறங்கிட்டேன்."

கோடைக்கு நான் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டேன். ஏரியை நன்றாகவே பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பளிக்குள் மட்டும் நான் ஒருநாளும் இருந்ததில்லை.