பொட்டு வைத்ததால் பிழைத்தோம்

ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கு வளைகாப்பு. அவளை உட்கார வைப்பதற்காகச் செஞ்சி கடைத்தெருவில் ஒரு மர நாற்காலி வாங்கினேன். பளபளப்பையும் கனத்தையும் பார்த்தே மயங்கிவிட்டேன். "சுத்தமான தேக்கும்மா, உன் பேரன் காலம் வரைக்கும் தாங்கும்" என்றார் கடைக்காரர். பேரன் என்ற வார்த்தை காதில் விழுந்தபின் நான் வேறெதையும் பார்க்கவில்லை.

விழாவன்று காலை, எந்தப் புதுப்பொருளுக்கும் செய்வதுபோல, நாற்காலியை ஈரத்துணியால் துடைத்து, கால்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். பின்கால் ஒன்றின் உள்பக்கம், பாலிஷ் சரியாகப் படாத இடத்தில், ஈரம் பட்டதும் ஏதோ பிட்டுபோல உதிர்ந்தது. பசையில் குழைத்து அடைத்திருந்த மரத்தூள்! அதற்கு அடியில் குறுக்கே பெரிய விரிசல்.

என் கணவர் கையால் அழுத்தினார். கால் படக்கென்று முறிந்தது.

"இன்னாடி இது, புள்ளய இதுலயா உட்கார வைக்க இருந்த?"

நான் முறிந்த காலை எடுத்துப் பொருத்திப் பொருத்திப் பார்த்தேன். மகள்தான் சிரித்தாள். "அதான் உட்காரலியேம்மா, டென்ஷன் ஆவாத."

பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் வளைகாப்பு நன்றாகவே நடந்தது.

இப்போதெல்லாம் கடையிலேயே நாற்காலியைக் கவிழ்த்து, கால்களையும் மூட்டுகளையும் ஈரத்துணியால் அழுத்தித் தேய்க்கிறேன். பிறகு நானே உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கிறேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பேரன் நல்லபடியாகப் பிறந்துவிட்டான். அவன் காலம் வரைக்கும் தாங்கும் என்ற நாற்காலிதான், அவன் பிறக்கும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.