கல்யாண மண்டபத்தில் அக்காவின் முழங்கால்

எண்பதுகளின் கடைசியில், ஒரு வைகாசி முகூர்த்த நாள் காலையில், சோழவந்தானில் நடந்தது இது.

என் அக்கா மதுரையில் விளையாட்டு டீச்சர். நாற்பது வயதிலேயே வாதத்தில் முழங்கால் தேய்ந்து, பஸ் ஏறக்கூட முடியாமல் போனது. மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். உலோக மூட்டை எலும்போடு ஒட்ட வழக்கமாக ஒருவகை சிமெண்ட் வைப்பார்களாம். இந்தப் புது மூட்டுக்கு அது தேவையில்லை. உலோகத்தின் உட்பக்கம் பஞ்சு மாதிரி பொடிப்பொடித் துளைகள். எலும்பு அதற்குள் வளர்ந்து தானே பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளிநாட்டிலிருந்து மெட்ராஸுக்கு வந்த அந்த மூட்டை வாங்கிவர நான் போனேன். துளைகளுக்குள் அழுக்கு புகுந்தால் அவ்வளவுதான், உறையைப் பிரிக்கவே கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் வெளியூர்க்காரர். நான் திரும்பும் அந்த ஒரு நாள்தான் மதுரையில் இருப்பார்.

திரும்பும்போது ரயிலில் என்னோடு ஒரு கல்யாணக் கோஷ்டி. சோழவந்தானில் அவர்கள் அவசர அவசரமாகச் சாமான்களை ஜன்னல் வழியே கொடுத்து இறங்கினார்கள். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். என் அட்டைப்பெட்டி இல்லை. அதே அளவில் பழுப்புத்தாள் சுற்றிய வேறொரு பெட்டி இருந்தது!

அந்தப் பெட்டியோடு அடுத்த ஸ்டேஷன் சமயநல்லூரில் குதித்து இறங்கி, வெற்றிலை ஏற்றப் போன வேனில் தொற்றிக்கொண்டு, விசாரித்து விசாரித்து மண்டபத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு பெரியவர், மணமேடைக்குக் குத்துவிளக்கு எடுப்பதற்காக என் பெட்டியின் கயிற்றை அறுத்துவிட்டு, கத்தியை அட்டையில் வைத்திருந்தார்.

"அண்ணே, பிரிச்சுராதீங்க. அதுக்குள்ள எங்க அக்கா முழங்கால் இருக்கு."

மேளம்கூட நின்றுவிட்டது. அவர் கத்தியைக் கீழே போட்டார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, அவர்கள் விளக்குப் பெட்டியைக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் மணப்பெண்ணின் தாய்மாமன், கொத்தனார். சிமெண்ட் இல்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏந் தம்பி, பூச்சே இல்லாம எப்படி நிக்கும்?"

எலும்பு வளர்ந்து பிடிக்கும் என்றேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்புட்டு நேக்கா செஞ்சிருக்கானா!" என்று வியந்தார்.

மதுரைக்கு பஸ் எப்போது என்று விசாரித்தேன். அலங்காரம் பாதியில் நிற்க, மணப்பெண் அறை வாசலுக்கு வந்தாள்.

"மாமா, வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. நீங்க வந்தப்புறம் நான் மேடைக்கு வாரேன்."

முகூர்த்தத்துக்கு நேரமிருக்கிறது என்றாலும், கல்யாண வீட்டில் யார் அப்படிச் சொல்வார்கள்? தாய்மாமன் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் பெட்டியை மடியில் அணைத்தபடி பறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார். உள்ளே டாக்டர் வெளி அட்டையைப் பிரித்து, உள்ளுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேதமில்லை என்று அவர் தலையசைத்ததும் என் கண் நிறைந்துவிட்டது.

எலும்பு பிடிக்கும்வரை அக்கா ஊன்றுகோலோடு பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு ஒருநாள் அதை மூலையில் வைத்துவிட்டு, பள்ளி மைதானத்தை முழுசாக ஒரு சுற்று நடந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள், நான் விசிலே அடித்தேன்.

முகம் தெரியாத ஒருத்தியின் காலுக்காகத் தன் கல்யாணத்தையே கொஞ்சம் காத்திருக்கச் சொன்ன அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம், அவசரத்தில் கைநீட்டும் யாருக்கும் நேரமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.