காலியான சிப்பிகளை மட்டும் எடுத்தவர்

பிலோமி அண்ணி இறந்த செய்தி வந்தபோது நான் சிதம்பரம் கீழவீதியில் ஒரு துணிக்கடையில் மகளுக்குச் சுடிதார் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து கொழுந்தனாரின் மனைவி போனில் பேசினாள். "அக்கா, அண்ணி போயிட்டாங்க. காலையில காப்பி போட்டுக் குடிச்சாங்க, கூடத்துல வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான்." கடைக்காரர் இன்னொரு துணியை விரித்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். என் மனதில் முதலில் எழுந்தது நிம்மதி. இனி அவர் என்னிடம் அதைச் சொல்ல வரமாட்டார் என்ற நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குக் கூடப்போகும் உங்களுக்காக, அவரை நன்றாகத் தெரிந்த நம் கோயில் பங்கு மக்களுக்காக, இதை எழுதுகிறேன். நான் ரோஸ்லின். அவருடைய தம்பி சார்லஸின் மனைவி. நீங்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டவற்றில் ஒன்று தவறு. அது தவறு என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதுநகர் கடைத்தெருவில் அவர் வைத்திருந்த ஃபேன்சி ஸ்டோர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வளையல், ரிப்பன், பிறந்தநாள் பலூன் என்று கடை முழுக்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் செம்மண்டலத்தில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் பளபளப்பே கிடையாது. எல்லாம் சில்வர் பீச்சில் பொறுக்கியவை. கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிச் சோழிகள், ஜன்னல் திட்டில் அலை தேய்த்த பச்சை பாட்டில் துண்டுகள், மாதா சுரூபத்தின் காலடியில் மிதந்து வந்த ஒரு மரக்கட்டை. நம் கோயிலில் மாதாவுக்குக் குகை போலக் கட்டிய கெபியின் உட்சுவரில் சிப்பி பதித்தவரும் அவர்தான். ஒரு கோடை முழுவதும் கடையை மதியமே அடைத்துவிட்டு வந்து, கொத்தனார் சிமெண்ட் பூசப் பூச, பின்னாலேயே ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போனார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் செய்த குடிலை இப்போதும் சிலர் சொல்லிச் சிரிப்பார்கள். வைக்கோலுக்குப் பதிலாக மணல் பரப்பி, குழந்தை இயேசுவைச் சுற்றிப் பெரிய பெரிய சங்குகளை அடுக்கியிருந்தார். திருநாளன்று கோயிலுக்குள் நிற்க முடியாத நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று பெஞ்சுகளையெல்லாம் நகர்த்தித் தேடினார்கள். கடைசியில் பார்த்தால், சங்குகளுக்குள் இருந்த நத்தைகள் செத்திருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. சங்குகளைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய்க் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு எதைப் பொறுக்கினாலும் திருப்பிப் பார்ப்பார், காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். "உயிரோட இருக்கறத எடுக்கக் கூடாது ரோசி. காலியானத மட்டும்தான் எடுக்கணும்" என்பார்.

மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன சிப்பிக் கதைகள் பங்கில் பிரசித்தம். சிறு பள்ளத்தில் கடலையே ஊற்றிவிடப் பார்த்த குழந்தையின் கதை, தொப்பியில் சிப்பி குத்திக்கொண்டு புனிதரின் கல்லறைக்கு நடந்துபோன யாத்ரீகர்களின் கதை. எனக்குப் பிடித்தது, அப்பளம் போலத் தட்டையாக, மேலே ஐந்து இதழ்ப் பூ வரைந்தது போல் கரையில் கிடக்கும் அந்த வெள்ளை வட்டத்தைப் பற்றியது. வெளிநாடுகளில் கிடைப்பதில் ஐந்து ஓட்டைகள் இருக்குமாம், அவை ஆண்டவரின் ஐந்து காயங்களாம். உடைத்தால் உள்ளிருந்து புறாக்கள் போலச் சின்னத் துண்டுகள் விழுமாம். நம் கடலில் கிடைப்பதில் இரண்டே கீறல்கள்தான். ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டான். "நம்ம ஊருக்கு ரெண்டுதான் குடுத்தாரு. மிச்சம் மூணு நம்ம படறதுக்கு" என்றார் அண்ணி. உடைத்துக் காட்டச் சொன்னார்கள். "புறா உள்ளயே இருக்கட்டும், அதுக்கு என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டார்.

நான் முதல் முறை கர்ப்பமாக இருந்தபோது, ஒரு நாள் ஒரு வெள்ளைச் சிப்பியைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கை அகலம், விசிறி போல வரிகள். "கோயில்ல வெள்ளிச் சிப்பி இருக்கு, இருந்தாலும் நம்ம புள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணிய நம்ம கடல் சிப்பியிலதான் ஊத்தணும். ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன்" என்றார். உப்புப் போட்டு வேகவைத்து, தேய்த்து, துணியில் சுற்றித் தன் பீரோவில் வைத்தார். அவருக்குத் திருமணம் ஆகவில்லை. என் பிள்ளையை அவர் எப்போதும் 'நம்ம புள்ள' என்றே சொன்னார்.

குழந்தை மாதம் முடியாமல் பிறந்தான். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சார்லஸ் அப்போது குவைத்தில் இருந்தார். என் அம்மா உயிரோடு இல்லை. இரண்டாம் நாள் காலை டாக்டர் வந்து, தாங்காது என்று சொல்லிவிட்டார். சிதம்பரம் பங்கு ஃபாதர் புவனகிரிப் பக்கம் பூசைக்குப் போயிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்து, ஒரு ரூபாய் போனில் அண்ணியின் கடைக்குப் பேசினேன்.

"அண்ணி, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். உடனே வாங்க. அந்தச் சிப்பிய எடுத்துக்கிட்டு வாங்க."

"இதோ கெளம்பிட்டேன்" என்றார்.

அவர் கடை சிதம்பரம் போகும் வழியிலேயே இருந்தது. வாசலில் பஸ் ஏறியிருக்கலாம். வீடு எதிர்த்திசையில். சிப்பிக்காகச் செம்மண்டலம் போய்த் திரும்பினார். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் எந்தத் தண்ணீரையாவது ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் கட்டிலருகே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. நானே ஊற்றியிருக்கலாம். அந்தச் சின்னத் தலையைத் தொடப் பயந்தேன். முறையாக நடக்க வேண்டும், அழகாக நடக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அண்ணி வருவார் என்று கண்களை மூடிப் படுத்துக்கொண்டேன்.

அவர் நேராகக் குழந்தை இருந்த அறைக்குப் போய்விட்டு என்னிடம் வந்தார். கையில் சிப்பி நனைந்திருந்தது. "ஊத்திட்டேன் ரோசி. அந்தோணின்னு பேரு வச்சேன். அமைதியா போயிட்டான்" என்றார். நான் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். கடலூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஞானஸ்நானப் பெயரோடு அவனை அடக்கம் செய்தோம். முழ நீளம்கூட இல்லாத அந்த மேட்டை அண்ணி வெள்ளைச் சிப்பிகளால் மூடினார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் புதிதாகப் பொறுக்கி வந்து மூடினார்.

அடுத்த பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அன்போடுதான் பேசினார். "ஒங்க நாத்தனார் நல்லா இருக்காங்களாம்மா? அன்னிக்கு அவுங்க வர்றதுக்குள்ள கொழந்த போயிடுச்சு. துணியப் போத்திட்டோம். ஒரு சிப்பிய வச்சிக்கிட்டு அப்படியே நின்னாங்க. அப்புறம் கொழாயடியில போயி அத நனைச்சிக்கிட்டு ஒங்ககிட்ட வந்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. என் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போனான். நான் சிப்பி கேட்டதால் அவர் பிந்தினார். அதை என்னிடம் சொல்லாமல் இருக்க அவர் குழாயடிக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் ஊற்றப்படாத குழந்தைகள் மோட்சம் சேராது என்ற எங்கள் மாமியார் காலத்துப் பேச்சு எல்லாம் எனக்குள் இருந்தது. அண்ணி சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். அதை விட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் அனிட்டா பிறந்தாள். அவளுடைய ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க அண்ணியைக் கேட்டோம். உங்களில் பலர் அன்று வீட்டில் இருந்தீர்கள். "நான் வேணாம். வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சார்லஸ் முகம் சிவந்தது. உறவுக்காரப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். தனக்குப் பிள்ளையில்லாத வயிற்றெரிச்சல் என்று ஒருத்தி என் காதிலேயே சொன்னாள். அவர் ஏன் மறுத்தார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு முறை என் பிள்ளையின் தலைக்கு அருகில் நிற்கத் தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை எல்லோரும் வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து 'பொறாமைக்காரி' என்ற பேர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. குறிஞ்சிப்பாடி உறவுகள் கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட அவர் வீட்டைத் தவிர்த்தார்கள். அவர் கண் பட்டுவிடுமாம். அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அவர் சொல்லப் பார்த்தார். பல முறை பார்த்தார். ஒரு டிசம்பரில் குடிலுக்குச் சிப்பி பொறுக்க என்னையும் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் குனிந்து பொறுக்கிவிட்டு, நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரோசி, பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர் ஒண்ணு சொன்னாரு. யாருக்குச் சொல்லணுமோ அவுங்ககிட்டயே சொல்லிடும்மான்னாரு. ஒங்கிட்ட ஒண்ணு..."

"அண்ணி, அலை மேல வருது பாருங்க. பொடவ நனையுது. வாங்க போலாம்."

அலை அவ்வளவு தூரம் வரவில்லை. அவர் கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி வா" என்றார். திரும்பும் வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் அனிட்டாவை எங்களுக்கு நடுவில் உட்கார வைத்தேன். இல்லாவிட்டால் டிவியைப் போட்டேன். "எனக்குத் தெரியும் அண்ணி, பரவாயில்ல" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவர் தோளிலிருந்து எல்லாம் இறங்கியிருக்கும். சொன்னால், சிப்பி கேட்டது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு தடவைகூட அவர், நீ கேட்டதால்தானே என்று நினைத்த முகத்தோடு என்னைப் பார்த்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பங்கு ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் இருந்திருந்தால் அவனைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார் ஃபாதர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் குழந்தைய ஆண்டவரோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம். நம்ம திருச்சபை அதத்தாம்மா சொல்லுது. இத நீங்க ரெண்டு பேரும் இத்தன வருஷமா யாருகிட்டயும் கேக்கலியா?" என்றார். கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் முதலில் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலை சார்லஸிடம் சொன்னேன். "அக்காகிட்ட நான் சரியா பேசியே ரொம்ப வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அடுத்து அனிட்டாவிடம் சொன்னேன். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அத்தைக்கு என்னப் புடிக்காதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேம்மா. சின்ன வயசுலேருந்து. நீயும் இல்லன்னு சொன்னதே கெடையாது" என்றாள். பிறகு, "போன மாசம் எங்க காலேஜ் வாசல்ல வந்து நின்னாங்க. கையில ஒரு கவர் வச்சிருந்தாங்க. நான் பாக்காத மாதிரி பஸ் ஏறிட்டேன்" என்றாள்.

மறுநாள் தனியாகக் கடலூருக்குப் போய்விட்டு இருட்டும் முன் திரும்பினாள். எங்கே போனாள், என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை. அதிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

அண்ணியை வயிற்றெரிச்சல்காரி என்று நினைத்தவர்கள் முப்பதாம் நாள் பூசையில் முழங்கால் போடும்போது அதை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பழி என்னுடையது. எனக்கு அவரிடமிருந்து எஞ்சியது ஒன்றுதான். நான் பேச விடாமல் செய்த பிறகும் அவர் என் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சாப்ட்டியா ரோசி?" என்று கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று நான் பார்த்தது அவரிடம் மட்டும்தான். இப்போது தினமும் மாலையில் அனிட்டா வீட்டுக்குள் வரும்போது நானும் கேட்கிறேன்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போகிறாள். நாளைக்கும் கேட்பேன்.