லஞ்சுக்குப் போன மூச்சு

ஜலஜாவைப் பற்றி யார் பேசினாலும் முதலில் அவளுடைய கிண்டலைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்காது. பொதுவாகவே எனக்குச் சிரிப்பு வராது. வியாதியை வைத்துச் சிரித்தால் எரிச்சல்தான் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் இந்த அம்புஜம் மாமி பேச்சை மாற்றுகிறாள் என்று ஒருவரும் குறை சொல்லக் கூடாது.

ஜலஜா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டென்ட். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் வீடு. கணவர் ஜெயராமும் சர்க்கார் உத்தியோகம், குழந்தை இல்லை. முப்பத்தைந்து வயதில், ஒரு நாள் ஃபைல் படித்துக்கொண்டிருந்தபோது எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இடது கண் இமை தானாக மூடிக்கொண்டது. கண்ணாடி மாற்றினார்கள், ஜாதகம் பார்த்தார்கள், கடைசியில் ஒரு டாக்டர் பெயர் சொன்னார்: மயஸ்தீனியா. நரம்பு சொல்வதைத் தசை கேட்காத வியாதி. ஓய்வெடுத்தால் வலு வரும், வேலை செய்தால் போய்விடும். வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டலாம், குணமாகாது. கரோல் பாகில் தனியாக இருக்கும் எனக்கும் அதே வியாதிதான்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் எங்களைப் போன்றவர்களுக்காக அவள் இண்டர்நெட்டில் ஒரு மெயில் குழு ஆரம்பித்தாள். எல்லோரும் டெல்லித் தமிழர்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவோம். முக்கால்வாசிப் பேர் சர்க்கார் உத்தியோகக் குடும்பம் என்பதால் அவள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். உடம்பு ஓர் ஆபீஸ், அங்கங்கள் ஸ்டாஃப். "இடது இமை இன்னிக்கு கேஷுவல் லீவு." "தாடை ஸ்ட்ரைக். ரசம் சாதத்தோட பேச்சுவார்த்தை நடக்கறது." உடனே ரிட்டயர்டு செக்‌ஷன் ஆபீசர் ஜகந்நாதன், "லீவு லெட்டர் எங்கே?" என்று எழுதுவார். ஸ்ம்ருதி என்ற காலேஜ் பெண் ஒரு வரி முழுக்க ஹா ஹா போடுவாள். நான் மட்டும், "மாத்திரை போட்டுண்டாயா? டாக்டரைப் பார்" என்று எழுதுவேன். அதற்கும் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று. கண், தாடை, கை, கழுத்து எல்லாம் லீவில் போகும். மூச்சைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறந்ததில்லை. இந்த வியாதியில் உயிர் போவது அந்த வழியாகத்தான். ஒரு சளிக்காய்ச்சல் போதும், மார்புத் தசை ஓய்ந்துவிடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பேச்சே எடுக்கவில்லை.

ஜனவரி மாதம், ஒரு மத்தியானம். முதல் நாள் என்னை வைத்து ஜலஜா நீளமாக ஒரு கிண்டல் எழுதியிருந்தாள். போதும் இந்த சகவாசம், குழுவிலிருந்து பேரை எடுத்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவளுடைய புது மெயில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நாலைந்து நாளாகச் சளியோடு வீட்டில் இருந்தாள் அவள்.

"மூச்சு லஞ்சுக்குப் போச்சு. இன்னும் சீட்டுக்குத் திரும்பலை."

டெல்லிக் குளிரில் சர்க்கார் ஆபீஸ் மத்தியானம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோட் நாற்காலியில் தொங்கும். ஆள் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். குழுவில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "கோட் இருக்கோல்லியோ? வந்துடும்" என்றார் ஒருவர். "டீயும் குடிச்சுட்டு வரட்டும்" என்றார் ஜகந்நாதன். ஸ்ம்ருதியின் ஹா ஹா அன்று இரண்டு வரிக்குப் போயிருந்தது. பயந்து போனவர்கள் கூடுதலாகச் சிரிப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மூச்சைப் பற்றி அவள் எழுதியது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்து இணைப்பில், இண்டர்நெட்டைத் துண்டித்தால்தான் போன் செய்ய முடியும். துண்டித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். எங்கேஜ்ட். அவள் வீட்டு லைனும் இண்டர்நெட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் எங்கேஜ்ட். ஜெயராமின் ஆபீஸ் நம்பர் என்னிடம் கிடையாது. ஒரு நவராத்திரிக்குப் போயிருந்ததால் வீடு மட்டும் தெரியும். சால்வையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

"பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினேன். பயத்தில் என் தசையும் தளர்ந்து, குரல் மூக்கால் வந்தது. ஆட்டோக்காரன் திரும்பத் திரும்ப எங்கே என்று கேட்டான். ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே, நான் ஒருத்திதான் அசடோ? கதவைத் திறந்து, "என்ன மாமி, ஜோக் புரியலையா?" என்று அவள் கேட்டால் மானம் போகும். கேட்கட்டும், அம்பாளே, அவள் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாடிப்படி ஏறுவதற்குள் என் இமை இறங்கிவிட்டது. எதிரே அவள் வீட்டுக் கதவு இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பெல்லை அழுத்தினேன். உள்ளே சத்தமே இல்லை. கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் பேச முடியாத ஒருத்தி, இந்தப் பக்கமும் பேச முடியாத ஒருத்தி. அப்படி ஒரு பயத்தை நான் என் பிரசவத்தில்கூட அறிந்ததில்லை.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். வெயிலில் கட்டில் போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பஞ்சாபி அம்மாளின் கையைப் பிடித்து மாடியைக் காட்டினேன். "ஆராம் ஸே, ஆன்ட்டி" என்று, பதறாதே என்கிற மாதிரி சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நல்லவேளை, மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது.

ஜலஜா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். தலை நிற்காததால் இரண்டு கையாலும் மோவாயைத் தாங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். விழுங்க முடியாத எச்சில் புடவையில் வழிந்திருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அந்த அம்மாளின் கணவர் தன் மாருதி வேனில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொண்டையில் குழாய் போட்டார்கள். மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. ஜெயராம் வந்து சேர்ந்தபோது அவர் கையில் டிபன் டப்பா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

குழாயை எடுத்துக் குரல் திரும்பிய பிறகு நான் அவளைத் திட்டினேன். "ஆபத்துன்னு நேரா எழுதத் தெரியாதாடி நோக்கு? அதுலயுமா கிண்டல்?"

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "பயத்துல நேக்கு வேற பாஷை வரலை மாமி. எல்லாரும் சிரிப்பான்னு தெரியும். நீங்க சிரிக்க மாட்டேள்னும் தெரியும். உங்களுக்குன்னுதான் அனுப்பினேன்."

அன்று எதற்காக மெயிலைத் திறந்தேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. குழுவில் கிண்டல் இப்போதும் நடக்கிறது, அவள்தான் தலைமை. நான் காலையில் மெயிலைப் பார்க்கிறேன், மத்தியானம் பார்க்கிறேன், படுக்கப் போகும் முன்பும் பார்க்கிறேன். டெலிபோன் லைன் செத்துப் போய் மெயில் வராத நாட்களில், யார் எதை ஜோக்காக எழுதிவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்களோ என்று ஒரு வாய் சாதம்கூட இறங்குவதில்லை.