குடவாசலில் அழுத பிணம்

தஞ்சாவூரில் நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, தமிழ் படிக்க வெளிநாட்டிலிருந்து வந்த இருவர் எனக்கு நண்பர்களானார்கள். ஒருத்தி கென்யாக்காரி. ஊரில் எது நடந்தாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. இன்னொருவன் போலந்துக்காரன். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், பேசுவது முழுக்கப் பாடப்புத்தகத் தமிழ். டீக்கடையில் போய், "ஐயா, சர்க்கரையைச் சற்றே குறைத்து வழங்குங்கள்" என்பான். கடைக்காரர் மிரண்டுபோய்ச் சர்க்கரையே போடாமல் கொடுத்துவிடுவார்.

அறுவடை முடிந்த சமயம், ஒரு வாரத்துக்கு நாடக விழா நடந்தது. தஞ்சாவூரில் தொடங்கி, கடைசி நாட்களில் பக்கத்து ஊர்களுக்கும் போவதாக ஏற்பாடு. ஒன்றைக்கூட விடக்கூடாது என்று கென்யாக்காரி சொல்லிவிட்டாள். காலையில் பேருந்து நிலையத்தில் வீதி நாடகம், மாலையில் அரங்கத்தில் ராஜா கதை, நடுவில் நின்றபடியே பரோட்டா. மொழிபெயர்ப்பு என் வேலை. நான் கிசுகிசுத்துக்கொண்டே இருக்க, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, "ஏம்மா, நீயே மேடையில ஏறிச் சொல்லிடேன். அவங்க பேசுறது ஒண்ணும் காதுல விழல" என்றார். அதற்குப் பிறகு முக்கியமான இடங்களை மட்டும் சொன்னேன். ராஜாவின் மீசை பாதி கழன்று தொங்கியதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குடவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில் அன்றைய நாடகம். துபாயில் சம்பாதித்துத் திரும்பிய பெரிய அண்ணன் இறந்துபோகிறார். நடுக்கூடத்தில் பிணத்தைப் போட்டுவிட்டுத் தம்பிகள் வாய்க்கால் ஓரத்து நிலம் யாருக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள். இதுதான் கதை. நாங்கள் போனபோது குழுவை நடத்துபவர் வாசலில் அலைந்துகொண்டிருந்தார். பிணமாக நடிப்பவரின் வண்டி வழியில் நின்றுவிட்டதாம். மற்ற எல்லோருக்கும் வசனம் இருந்தது. சும்மா படுக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

போலந்துக்காரன் முன்னால் போய் நின்றான். "ஐயா, நான் பிணமாக இருக்க மிகவும் விரும்புகிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அசையாம கெடப்பாராம்மா?"

"வகுப்புல அப்படித்தாங்க இருப்பாரு" என்றேன்.

மண்டபத்துப் பெஞ்சு அவனுக்குப் போதவில்லை. வேட்டியால் முகத்தை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் செம்பட்டை முடி தெரிந்தது. முகத்தை மூடுவது என்று முடிவானது. திரை விலகியதும் முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மா சத்தமாகவே சொன்னார்: "செத்தவரு காலு என்ன இம்புட்டு வெளுப்பா இருக்கு?"

மனைவியாக நடித்தவர் அந்த ஊரிலேயே தையல் கடை வைத்திருப்பவர். தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், அழுகையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "துபாயில ஏசி ரூமுலயே கெடந்தா வெளுக்காம என்ன செய்யும்?" கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது.

தம்பிகள் சண்டை போட்டு ஓய்ந்தபின் அவர் ஒப்பாரியைத் தொடங்கினார். அதுவரை சிரித்த கூட்டம் அமைதியானது. நிறுத்தி நிறுத்தி, குரல் உடைந்து, பாடிக்கொண்டே போனார். அப்போதுதான் பிணத்தின் நெஞ்சு குலுங்கியது. வேட்டிக்குள்ளிருந்து ஒரு விசும்பல். கென்யாக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னத் தம்பியாக நடித்தவர் சமாளித்தார். "பாத்தீங்களா, பாகம் பிரிக்கிறதுல அண்ணனுக்கு இஷ்டமில்ல."

தையல் கடை அம்மா விடவில்லை. "உசுரோட இருக்கையில எனக்காக ஒரு நாள் அழுதிருப்பாரா இந்த மனுசன்? இப்பதான் வருது."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அதற்குமேல் யாராலும் வசனம் பேச முடியாமல் திரையை மூடினார்கள்.

உள்ளே போனோம். போலந்துக்காரன் மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தான். "ஏன் தம்பி, கொசு கடிச்சுதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா. எனக்காக எவரும் இவ்வளவு நேரம் அழுததில்லை."

அவர் முந்தானையால் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்று தன் இட்லிப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் வழக்கமான பிணம் வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொணம்னா கெடக்கணுங்க. இத்தன வருசத்துல நான் ஒரு தடவ இருமியிருப்பனா?"

குழுவை நடத்துபவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நாளைக்கு பூதலூர்லயும் பொணம் லேசா அழுதா நல்லாருக்கும்."

மறுநாள் பூதலூரில் நாங்கள் மூவரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒப்பாரி வந்தது. பிணம் முதலில் மெல்ல விசும்பியது, பிறகு பலமாக, அப்புறம் நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டது. தையல் கடை அம்மா அவர் தோளைப் பிடித்து அழுத்தி, "படுங்க, பாகம் இன்னும் முடியல" என்றார். கென்யாக்காரி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

போலந்துக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. கைகட்டி, ஒரு பிணத்தை இன்னொரு பிணம் பார்க்கும் கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் குனிந்து, "சற்று மிகையாக நடிக்கிறார்" என்றான்.