மோனோவில் தெளிந்த பெயர்

தமக்கை செத்த அன்று யாக்கோப்பர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, றேடியோவை அலறவிட்டுச் சினிமாப் பாட்டுக் கேட்டார் என்றொரு கதை நெடுந்தீவு இறங்குதுறையில் உலாவுகிறது. ஆடினார் என்றும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் சேட்டு உண்மை. சத்தமும் உண்மை. பாட்டு அவர் தேடியதல்ல, தானாக வந்தது. ஆடியதைப் பக்கத்து வளவு ஜெனீற்றாவே இல்லை என்கிறாள். ஆடியிருந்தால் அவள் தாளமும் சேர்த்தல்லவா சொல்லியிருப்பாள்.

தமக்கை கிறேஸ் யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தியை விடியவே கொண்டுவந்தவள் ஜெனீற்றாதான். யாக்கோப்பர் அழவில்லை. காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிப் போட்டார். கையைக் கழுவினார். சேட்டை மாட்டிக்கொண்டு றேடியோவைத் தூக்கிக் கல்மதிலில் வைத்தார். றேடியோவில் வாசிக்கும் மரண அறிவித்தலில் சகோதரர் வரிசையில் தன் பெயரும் வருகிறதா என்று தெரியவேண்டும். வந்தால் மத்தியானப் படகில் செத்தவீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் எந்த முகத்தோடு போவது?

முகம் கெட்டதே அந்த றேடியோவால்தான். அது கிறேஸுடையது. பட்டணத்துக்குக் குடிபோகும்போது தம்பியிடம் விட்டுப்போனாள். பிறகு, "கொண்டுவந்து தரச் சொல்லுங்கோ" என்று ஆள் விட்டாள். "வந்து எடுக்கச் சொல்லுங்கோ" என்று இவரும் ஆள் விட்டார். வருடக்கணக்காக இரண்டு பேரும் அசையவில்லை. நடுவில் கடல்தான் அசைந்துகொண்டிருந்தது.

காலை வாசிப்பில் கிறேஸின் பெயர் வந்தது. உறவுகளை அடுக்கத் தொடங்கியதும் இரைச்சல் மூடியது. அதற்குள்ளால் கடலுக்கு அக்கரையில், இந்தியப் பக்கத்து நிலையமொன்று காதல் பாட்டோடு ஏறி வந்தது. காற்றில்லாத வெக்கை நாளில் அது வழமை.

"அண்ணை, அதை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா வெளிக்கிடுங்கோ," என்றாள் மதிலுக்கு அப்பால் நின்ற ஜெனீற்றா. "செத்தவீட்டுக்கு ஆரும் அழைப்பு வைப்பினமே?"

"பேர் வரட்டும்."

"வராட்டி?"

"நீர் உம்மடை அடுப்பைப் பாரும்."

"அடுப்பு அணைஞ்சு கனநேரம். உங்கடை றேடியோச் சத்தத்திலை என்ரை ஆடும் கயித்தை அறுத்துக்கொண்டு ஓடியிட்டுது."

அடுத்த வாசிப்புக்கு முன் யாக்கோப்பர் ஆயத்தமானார். றேடியோவில் சிவப்பு லைற் எரிந்தால் ஸ்டீரியோ. அலை மெலிந்த நேரத்தில் அது குரலைவிட இரைச்சலைத்தான் தாராளமாக அள்ளித் தரும். சுவிச்சை மோனோவுக்குத் தள்ளினார். லைற் அணைந்தது. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே குரலைத் தட்டையாகச் சொல்லத் தொடங்கின. ஏரியலை யாழ்ப்பாணப் பக்கம் சாய்த்ததும் அக்கரைப் பாட்டு ஒதுங்கியது.

"...காலஞ்சென்றவர்களான மரியதாஸ், யாக்கோப்பு ஆகியோரின் அன்புச் சகோதரியும்..."

துளி இரைச்சல் இல்லை. மூத்தவர் மரியதாஸ் செத்துக் கனகாலம். மற்றவர் மதிலடியில் சேட்டுப் போட்டபடி நின்றார்.

"உமக்குத் தெரியுமே?"

"காலமையே போனிலை பாத்தனான்," என்றாள் ஜெனீற்றா, மதிலைச் சுரண்டியபடி. "கனடாவாலை வந்து நிக்கிற அக்காவின்ரை மகன் குடுத்த அறிவித்தலாம். நீங்கள் ஒரு போன் எடுத்திருந்தால் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ம்."

"போங்கோவன் அண்ணை. உயிரோடை கண்டால் திருத்திப்போடுவினம்."

"பேர் வந்திட்டுதுதானே," என்றார் யாக்கோப்பர்.

மத்தியானப் படகு போனது. அவர் கருவாட்டை மறுபக்கம் திருப்பினார். சேட்டைக் கழற்ற ஞாபகம் வரவில்லை.

பின்னேர வாசிப்புத் தொடங்கியபோது சுவிச்சை மறுபடி ஸ்டீரியோவுக்குத் தள்ளி, சத்தத்தை முழுக்கக் கூட்டினார். சிவப்பு லைற் எரிந்தது. சகோதரர் வரிசை வரும்போது இரைச்சல் பொங்கி, காலஞ்சென்றவர்கள் எல்லாரையும் ஒன்றாக மூடியது. மேலே அக்கரைப் பாட்டு ஏறியது. படகால் இறங்கி வீதியில் வந்தவர்கள் கேட்டது அதைத்தான்.

ஜெனீற்றா ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். "றேடியோவையாவது நாளைக்குப் படகிலை அந்தப் பெடியனுக்குக் குடுத்துவிடட்டே?"

"வந்து எடுக்கச் சொல்லும்," என்றார் யாக்கோப்பர்.

வாய்க்குப் பழகிப்போன பதில். ஆரை என்று அவளும் கேட்கவில்லை. றேடியோ இன்னும் மதிலில்தான் இருக்கிறது.