தமிழில் மட்டும் ‘அனைவரும் வருக’

நோர்வேயில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பதவிக்கு ஆள் பிடிக்கும் முறை எளிது. கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவர்தான் தலைவர். அன்று பேருந்தை நிறுத்திவிட்டுச் சாரதிச் சீருடையோடு குரோருட்டில் எங்கள் குடியிருப்பின் பொது அறைக்குள் நான் நுழைந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். சீருடை எனக்கு எடுப்பாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக் கும்பிட்டேன். கும்பிட்டதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நான் புதன்கிழமை வீட்டுப்பாட உதவிக்குப் பொறுப்பானேன்.

பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு வந்திருந்து பாடம் செய்வார்கள். பெற்றோரில் பாதிப்பேர் அந்நேரம் வேலையில் இருப்பார்கள். மிச்சப் பாதி வீட்டில் இருந்தாலும், ஏழாம் வகுப்புக்கு மேலே நோர்வீஜிய மொழியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியாது. நானும் அந்தப் பாதியில்தான் இருக்கிறேன். இதற்கு அரசு மானியம் உண்டென்று யாரோ சொல்ல, விண்ணப்பித்தோம். கிடைத்தும் விட்டது.

பணத்தோடு பதினான்கு பக்க விதிமுறையும் வந்தது. முதற்பக்கத்தைப் படித்தேன், அதில் தொகை இருந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்தேன், அதில் நான் கையெழுத்திட வேண்டும். நடுவில் இருந்ததை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் போல மரியாதையாக மடித்து வைத்தேன்.

எங்கள் ஆட்கள் எதைத் தொடங்கினாலும் ஒரு தொடக்க விழா வேண்டும். விளக்கேற்றினோம். நால்வர் பேசினார்கள். பிறகு செயற்குழுவினர் ஐவரும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டோம். நான் யாருக்குப் போர்த்தினேனோ அவரே எனக்கும் போர்த்தினார். கணக்குப் புத்தகத்தில் அதை எங்கே எழுதுவது என்று யோசித்து, ‘கற்றல் உபகரணங்கள்’ என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்.

என் மனைவி சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறவள். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் முழுதாகப் படிக்காமல் விடமாட்டாள். கணக்குப் புத்தகம் அவள் கையில் அகப்பட்டது.

“என்னப்பா இது? பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு எந்தப் பிள்ளை கணக்குப் படிச்சது?”

“மரியாதையும் ஒரு படிப்புத்தானே.”

“அப்ப அந்தப் படிப்புக்கு உங்கட சம்பளத்திலை கட்டுங்கோ. விழா, பரிசு ஒண்டுக்கும் இந்தக் காசைத் தொடக்கூடாதெண்டு ஆறாம் பக்கத்திலை கிடக்கு.”

கட்டினேன். ஐந்து பொன்னாடைக்குக் காசு கட்டியவன் நான். வீட்டுக்கு வந்தது ஒன்று.

மானியத்தின் முதற்பாதிதான் அப்போது கையில் இருந்தது. இடைக்கால அறிக்கை அனுப்பினால்தான் மறுபாதி வரும். அறை வாடகைக்கும், கணக்குச் சொல்லிக்கொடுக்க வரும் பல்கலைக்கழக மாணவனின் மணிச் சம்பளத்துக்கும் அதுதான் வழி. அறிக்கையோடு பத்துப் படங்களையும் எங்கள் விளம்பரத்தின் ஒரு பிரதியையும் பெருமையாக அனுப்பினேன்.

மானியத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண். அவருடைய பதில் மிகவும் பணிவாக இருந்தது. இந்த நாட்டில் திட்டிவிட்டால் பயமில்லை, பணிவாக எழுதினால்தான் பயம். படங்களில் குத்துவிளக்கு தெரிகிறது, பெரியவர்கள் தெரிகிறார்கள், பிள்ளைகள் எந்தப் படத்தில் படிக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். நானும் தேடிப் பார்த்தேன். ஏழாவது படத்தின் மூலையில் ஒரு பிள்ளை இருந்தது. நித்திரை. அடுத்த கேள்வி: சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும், அது அவர்களுக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விளம்பரத்தை வாசிக்க முடியாதவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அடுத்த மாதக் கடைசிப் புதன்கிழமை நேரில் வருவதாகவும், அதுவரை மறுபாதி நிற்கும் என்றும் முடித்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அதிலை ‘அனைவரும் வருக’ எண்டு பெரிசா எழுதித்தானே கிடக்கு!”

“என்ன பாசையிலை?” என்றாள் மனைவி.

நான் கடிதத்தை மடிக்கத் தொடங்கினேன்.

“எங்கை ஒட்டினீங்கள்?”

“கோயில் வாசலிலை ஒண்டு.” நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போகும் தேவாலயத்தைச் சொன்னேன். “குறொன்லாண்ட் தமிழ்க் கடையிலை ஒண்டு.”

“கடையிலை எங்கை?”

“மரவள்ளிக் கிழங்குப் பெட்டிக்கு மேலை.”

அவள் சிரித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த நாள் பேருந்தை ஓட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகப் பையோடு ஏறும் பிள்ளைகள் அத்தனை பேரின் முகமும் எனக்குத் தெரியும். யார் பயண அட்டையை மறந்துவிட்டு வருவார், யார் கடைசி நொடியில் ஓடிவருவார் என்பதெல்லாம் தெரியும். அவர்களைக் கொண்டுபோய் எங்கள் குடியிருப்புக் கட்டடங்களின் வாசலில் இறக்கிவிடுகிறவனே நான்தான். அதே வாசலுக்குள்ளே, அவர்களால் வாசிக்க முடியாத எழுத்தில் வரவேற்பு வைத்திருக்கிறவனும் நான்தான்.

அந்தப் புதன்கிழமை, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னை மறித்தாள். இங்கேயே பிறந்தவள். தகப்பனுக்கு ஸ்ட்ரோம்மனில் கடை வேலை, தாய்க்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. எட்டு மணிவரை வீட்டில் ஒருவரும் இல்லை. ஒரு புதனும் தவறாமல் வருகிறவள் அவள் ஒருத்திதான்.

“மாமா, இதைப் பூட்டப் போறியளே?”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லினம். எனக்கு மத்தெயிலை ரெண்டுதான் வந்தது. அதை வச்சுக்கொண்டு எலெக்ட்ரோ படிக்க எடுக்கமாட்டினம். கோடை லீவுக்கு முந்தி நாலாவது எடுக்கோணும்.”

மத்தெ என்றால் கணக்கு, எலெக்ட்ரோ என்றால் மின்தொழில் படிப்பு. ஆறுதான் மிகக் கூடிய புள்ளி. தாய் தகப்பன் அவளை டொக்டராகப் பார்க்க, அவள் மின்சாரம் பார்க்க ஆசைப்பட்டாள்.

“பயப்பிடாதை. நான் இருக்கிறன்தானே.”

“அதுதான் பயமாக் கிடக்கு” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “அந்த விளம்பரத்தைத் தாங்கோ. நான் நொஸ்க்கிலை எழுதுறன்.”

நானும் நோர்வீஜியத்தில் ஒன்று எழுதி வைத்திருந்தேன். ‘பெருமதிப்புக்குரிய பெற்றோர்களே’ என்று தொடங்கி ஒரு பக்கம் போனது. மேல் மூலையில் என் படம்.

“மாமான்ர படம் எதுக்கு?”

“தலைவர் எண்டு தெரிய வேணுமெல்லே.”

“சின்னப் பிள்ளையள் பயந்திடும்.”

அவள் எழுதியது நான்கே வரி. வீட்டுப்பாடம் இருக்கிறதா? புதன் ஐந்து மணி. உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்துக் கதவு. யாரும் வரலாம், காசில்லை. தமிழை எடுத்துவிடாமல் அடியில் சின்னதாக ‘அனைவரும் வருக’ என்றும் போட்டாள். கட்டடப் பராமரிப்பாளரிடம் அனுமதி கேட்டு எல்லா மாடிப்படி வாசல்களிலும் ஒட்டினோம். பேருந்தின் ஒலிபெருக்கியில் ஒருதரம் சொன்னால் என்ன என்று நான் கேட்டதற்கு மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அந்த யோசனை அங்கேயே இறங்கிவிட்டது.

அடுத்த புதன் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த புதன் கதவு மெல்லத் திறந்தது. ஒரு சோமாலித் தாய், இரண்டு மகள்கள். எதிர்க் கட்டடத்தில் ஆறு வருடமாக இருக்கிறாராம். மேசைகளைப் பார்த்தார், கொப்பிகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், “இது பள்ளிப் பாடத்துக்கான இடமா? புதன்கிழமைகளில் வெளிச்சம் தெரியும், பொரித்த பலகார வாசம் வரும். ஒவ்வொரு கிழமையும் உங்களில் யாருக்கோ பிறந்தநாள் என்றல்லவா நினைத்தேன்!”

ரோல்ஸ்தான் அந்த வாசம். உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்து எங்கள் பெண்கள் வீட்டிலிருந்து கொண்டு வருவது. எளிய சிற்றுண்டி போதும் என்கிறது விதி. “அப்பிளை வெட்டிக் குடுத்து அனுப்பினால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்று அவர்கள் எழும்பிவிட்டார்கள். கடைசியில் அப்பிள் மானியக் கணக்கில், ரோல்ஸ் அவரவர் வீட்டுக் கணக்கில் என்று சமாதானமானது. எல்லாரும் சாப்பிடட்டும் என்று ஆட்டிறைச்சிக்குப் பதில் மரக்கறி வைத்தார்கள். மூன்றாம் மாடி நோர்வீஜியப் பையன் ஒருவன் அதன் பிறகு ஒரு புதனையும் விடவில்லை. அவன் பாடத்துக்கு வந்தானா ரோல்ஸுக்கு வந்தானா என்று விதிமுறை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதிகாரி வரும் புதன் வந்தது. கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவன் காய்ச்சலென்று மதியமே தொலைபேசியில் சொல்லிவிட்டான். நான் கோட் போட்டு, பேச்சு எழுதி, ஒரு பையையும் கொண்டு போயிருந்தேன்.

“அந்தப் பைக்குள்ளை என்ன?” என்றாள் மனைவி.

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்குச் சரிகைக் கரை கிடக்கே! அந்த மனுசிக்குப் பொன்னாடை போர்த்தி வேலையைக் கெடுக்கப் போறியளே? இஞ்சை கொண்டாங்கோ.”

பை பறிபோனது. வெளியே மழை. சோமாலிப் பிள்ளைகளில் இளையவள் தலை நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தாள். மனைவி பொன்னாடையை எடுத்து அவள் தலையைத் துவட்டி, அதையே தோளில் சுற்றிவிட்டாள். அதிகாரி உள்ளே வந்தபோது, சரிகை மின்ன ஒரு பிள்ளை இருந்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தது. எங்கள் சங்கத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உண்மையாகவே படித்த முதல் ஆள் அவள்தான்.

பேச்சுத் தாளை விரித்தேன். “மதிப்புக்குரிய...” என்பதற்குள் சோமாலிப் பிள்ளைகளில் மூத்தவள் என் கோட்டை இழுத்தாள். பின்னக் கணக்கு. ஆசிரியர் இல்லை. அதிகாரியோ மூலைக் கதிரையில் இருந்துகொண்டு, நீங்கள் பாருங்கள் என்று கைகாட்டினார். கொப்பியை வாங்கினேன். ஊரில் படித்த மாதிரி மனதுக்குள் கூட்டிக் கழித்து விடையை எழுதினேன். எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நோர்வீஜியத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேண்டுமானால் அதற்கு எந்தப் பேருந்து போகும் என்று சொல்லியிருப்பேன்.

பத்தாம் வகுப்புக்காரி எட்டிப் பார்த்தாள். “மாமா, விடை சரி. ஆனால் எப்பிடி வந்ததெண்டு காட்டாட்டி இஞ்சை பாதி மார்க்தான்.” அதையே அதிகாரிக்கும் விளங்கட்டும் என்று நோர்வீஜியத்தில் சொன்னாள்.

அதிகாரி சிரித்தார். “நானும் கடிதத்தில் அதைத்தான் கேட்டேன்” என்றார். பிறகு அவளிடம், ஏன் இங்கே வருகிறாய் என்றார்.

“வீட்டில் எட்டு மணிவரை யாருமில்லை. இங்கே கணக்குத் தெரிந்தவர் வராத நாளிலும் ஆட்கள் இருப்பார்கள்” என்றாள். என்னைக் காட்டினாள். “இவருக்குப் பின்னம் வராது. ஆனால் கதவைச் சரியாக ஐந்து மணிக்குத் திறப்பார். பேருந்து ஓட்டுகிறவர்.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுரைகளில் மிகக் குறுகியது அது. விளக்கில்லை, மேடையில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இம்முறை பக்கம் பக்கமாக எல்லாவற்றையும் படித்தேன். மறுபாதி வருகிறது. கூடவே ஒரு குறிப்பு: இனிப் பிள்ளைகளின் படம் அனுப்புவதென்றால் பெற்றோரின் அனுமதி வேண்டும். நித்திரை கொண்ட பிள்ளையின் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மாணவனுக்குக் காய்ச்சல் மாறியது. கோடை விடுமுறை வரும்வரை அவனும் பத்தாம் வகுப்புக்காரியும் ஒரு மேசையில் சமன்பாடுகளோடு சண்டை பிடித்தார்கள்.

ஜூலையில் ஒருநாள், என் பேருந்தின் பின்கதவால் ஏறியவள் நேராக முன்னுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். வண்டி ஓடும்போது சாரதியோடு கதைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அடுத்த நிறுத்தம்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதவுகள் திறந்தன.

“மாமா, மத்தெயிலை நாலு. எலெக்ட்ரோ கிடைச்சிட்டுது.”

“அம்மா என்ன சொன்னவ?”

“வீட்டிலை லைற் பழுதானால் இனிக் காசு மிச்சமாம்.”

நான் கதவை மூட மறந்துவிட்டேன். பின்னால் ஒரு கிழவர் மணியை அடித்தபிறகுதான் வண்டி நகர்ந்தது. அன்று பேருந்து இரண்டு நிமிடம் பிந்தியது. பிந்தினால் ஏன் என்று எழுதுவதற்கு எங்களுக்கு ஒரு படிவம் உண்டு. வழக்கமாக ‘நெரிசல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். அன்று உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கு விரும்பிய படிப்புக் கிடைத்தது, அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று முழுதாக எழுதினேன். மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, இதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று கேட்டார்.

‘கற்றல் உபகரணங்கள்’ என்று வாய்வரை வந்தது.